பதிப்புரிமையும் கட்டற்ற மென்பொருளும்

1980ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்து ஆய்வுகூடமொன்றில் இருந்த புதிய அச்சுப்பொறியில் தாள் அடிக்கடி சிக்கிற்று. பழைய பொறியிலோ, சிக்கியவுடன் காத்திருப்போர்க்கு அறிவிக்குமாறு நிரலைத் திருத்தியிருந்தார் றிச்சாட் ஸ்ரோல்மன். புதியதற்கும் அவ்வாறே செய்ய முற்பட்டபோது மூலநிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. மனிதர் படித்து விளங்கத்தக்கதாய் எழுதப்பட்ட வடிவமே மூலநிரல். அஃதின்றேல் மென்பொருளை இயக்கலாம், திருத்துதல் அரிது.

சிறு தொல்லைதான். எனினும், தான் பயன்படுத்தும் கருவியைச் செப்பனிடும் உரிமை எவருடையது என்னும் வினா அதனுள் அடங்கியிருந்தது. 1983இல் குனூ திட்டத்தை அறிவித்த ஸ்ரோல்மன், மென்பொருளை இயக்கவும், ஆராய்ந்து திருத்தவும், படியெடுத்து வழங்கவும், திருத்தியதைப் பரப்பவும் பயனர்க்கு உரிமை வேண்டுமென வாதிட்டார். விலைக்கு விற்பதை அவர் எதிர்த்தாரல்லர். ஆங்கிலத்தில் ஒரே சொல் இலவசத்தையும் சுதந்திரத்தையும் குறிப்பதால் எழுந்த மயக்கம் தமிழில் இல்லை.

இவ்வுரிமைகட்குக் குறுக்கே நிற்பது பதிப்புரிமைச் சட்டம். இங்கிலாந்தில் 1710இல் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியின் சட்டம் புதிய நூல்களுக்கு 14 ஆண்டுக் காப்பளித்தது. ஆசிரியர் உயிரோடிருப்பின் மேலும் 14 ஆண்டு. அது பெரிதும் கட்டுப்படுத்தியது அச்சகத்தாரை, வாசகரை அன்று. இன்றோ படியெடுத்தல் எவர்க்கும் எளிது. காப்பு, இலங்கை உட்படப் பல நாடுகளில், ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுவரை நீள்கிறது. எழுதுவோர் பிழைப்பதெங்ஙனம் என்னும் எதிர்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயின், மறைந்தவரை எழுதத் தூண்டுவது எந்தக் காப்பு?

ஸ்ரோல்மன் 1989இல் வெளியிட்ட குனூ பொது உரிமம் பதிப்புரிமையைத் துறக்கவில்லை, அதனையே கருவியாக்கிற்று. அதன்கீழுள்ள நிரலைத் திருத்திப் பரப்புவோர் மூலநிரலையும் அதே உரிமைகளையும் பெறுநர்க்கு அளித்தல் வேண்டும். தவறின் பதிப்புரிமையை மீறியவராவர். லினக்ஸ் கருநிரல் 1992 முதல் இவ்வுரிமத்தின்கீழேயே வழங்கப்படுகின்றது. அண்ட்ரொயிட் கைப்பேசிகளை இயக்குவதும் அதுவே.