கேள்வி ஞானமும் முறைப் பயிற்சியும்: மெனுகின் மீண்டும் மாணவரான வரலாறு

இசைத்துறையிலே கேள்வி ஞானம் என்பதற்கு நம்மவரிடையே பெருமதிப்பு உண்டு. கோயில் வீதியிலே நாதசுர இசையைக் கேட்டு வளர்ந்த சிறுவனொருவன், எவரிடத்தும் பாடங் கேளாமலே தோடியையும் காம்போதியையும் இனங்கண்டு பாடிவிடுவானாயின், அவனைப் பிறவிக் கலைஞன் எனப் போற்றுகின்றோம். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என மூன்று காலத்திலும் சாதகஞ் செய்து படிப்படியாக ஏறிவருபவனை அத்துணை வியந்து நோக்குவதில்லை. இவ்விரண்டனுள் எது சிறந்தது என்னும் வினா பட்டிமண்டபத்துக்கே உரியது போலத் தோன்றலாம். ஆயினும், இருபதாம் நூற்றாண்டின் மேனாட்டு இசையுலகிலே ஒருவருடைய வாழ்க்கையையே இவ்வினா உலுக்கிவிட்டது. உலகமெல்லாம் மேதையெனக் கொண்டாடிய பின்னர், தம் கைகள் செய்வது யாதெனத் தமக்கே தெரியவில்லை என்று ஐயுற்று, முப்பது வயதையடுத்த காலத்திலே வயலினை மீண்டும் அடியிலிருந்து பயிலத் தொடங்கியவர் யெகூதி மெனுகின்.

மெனுகின் 1916ஆம் ஆண்டு ஏப்பிரல் 22ஆம் நாள் நியூயோர்க் நகரிலே பிறந்தார். பெற்றோர் உருசியப் பேரரசிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய யூதர். குடும்பம் பின்னர் சான்பிரான்சிஸ்கோவுக்குப் பெயர்ந்தது. அங்கே பெற்றோர் வாத்தியக் குழுக் கச்சேரிகளுக்குக் கைக்குழந்தையையும் உடன்கொண்டு செல்வது வழக்கம். அக்குழுவின் முதல் வயலின் வாசிப்பவராகிய லூயி பெர்சிங்கரின் தனி வாசிப்பைக் கேட்டுக்கேட்டு, தமக்கும் ஒரு வயலின் வேண்டும், கற்பிக்க அவரே வேண்டும் எனக் குழந்தை அடம்பிடித்தது. நான்கு வயதில் ஒருவர் தகரத்தாலான விளையாட்டு வயலின் ஒன்றைக் கொடுக்க, அது பாடவில்லையென்று அழுது எறிந்துவிட்டது. இறுதியிற் பெர்சிங்கரே ஆசிரியராக வாய்த்தார். அவர் கற்பித்த முறை எளிமையானது. அவர் வாசித்துக் காட்டுவார். சிறுவன் அவ்வாறே வாசிப்பான். விரல் எங்கே நிற்கவேண்டும், மணிக்கட்டு எவ்வாறு வளையவேண்டும் என்னும் விளக்கங்கள் மிகச் சிலவே. அவற்றுக்கு அவசியமும் ஏற்படவில்லை. கேட்டதைக் கேட்டவாறே திருப்பித்தரும் செவி அச்சிறுவனுக்கு இருந்தது.

இம்முறையின் குறைபாட்டை முதன்முதற் சுட்டியவர் பெல்ஜிய நாட்டு முதுபெரும் வயலின் வல்லுநர் யூஜீன் இசாயி. பெர்சிங்கரே அவரிடம் பயின்றவராதலின், தம் மாணவனும் அவரிடம் பயிலவேண்டுமென விரும்பினார். பிரசெல்ஸ் நகரில் இசாயியின் முன்னிலையிலே, பத்து வயதான மெனுகின் லாலோ என்பார் இயற்றிய கடினமான உருப்படியொன்றைத் திறம்பட வாசித்தார். இசாயி மகிழ்ந்தார். பின்னர், குறித்த ஒரு சுரக்கூட்டின் சுரங்களை நான்கு தாயிகளில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறியிறங்கி வாசிக்குமாறு பணித்தார். நம் முறையிற் கூறுவதாயின், வர்ணத்தைப் பாடி முடித்தவனைப் பார்த்து ஓர் அலங்காரத்தைப் பாடு என்பதை ஒத்த பணி அது. பெரிய உருப்படியை வாசித்த கை அந்தச் சிறு பயிற்சியிலே தடுமாறித் தட்டுத்தடவியது. இத்தகைய பயிற்சிகளைச் செய்தல் உனக்கு நன்மை தரும் என்று இசாயி அறிவுறுத்தினார்.

மெனுகின் அங்கே தங்கவில்லை. பாரிஸ் சென்று, தாம் முன்னரே கேட்டு உள்ளம் பறிகொடுத்திருந்த உருமேனிய இசைமேதை ஜோர்ஜ் எனெஸ்கோவிடம் மாணவரானார். எனெஸ்கோவிடம் அவர் பெற்ற செல்வம் அளப்பரிது; இசையின் உயிர்நிலையை உணர்த்திய ஆசிரியர் அவரே. எனினும், இசாயி தொட்டுக்காட்டிய புண் அப்படியே இருந்தது. குறையைக் கண்டு கூறிய ஆசிரியரை நீங்கி, உள்ளத்துக்கு உவந்த ஆசிரியரை நாடுதல் பத்து வயதுச் சிறுவனுக்கு இயல்பே. பெரியோரும் அதற்கு இசைந்தமைதான் வியப்பு.

அடுத்துவந்த ஆண்டுகளின் புகழை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1927ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நியூயோர்க்கின் கார்னகி மண்டபத்திலே பீதோவனின் வயலின் கொன்சேட்டோவை வாசித்தபோது அவருக்கு வயது பதினொன்று. 1929இல் பேர்லினில் பாக், பீதோவன், பிராம்ஸ் ஆகிய மூவருடைய கொன்சேட்டோக்களையும் ஒரே மாலையில் வாசித்தார். 1932இல் இங்கிலாந்தின் இசைப்புலவர் எல்கார், தமது கொன்சேட்டோவை இசைத்தட்டிற் பதிவு செய்தபோது, எழுபத்தைந்து வயதான அவர் குழுவை நடத்தப் பதினாறு வயதான மெனுகின் வாசித்தார். 1935இல் உலகைச் சுற்றி நூற்றுக்கு மேற்பட்ட கச்சேரிகள் நிகழ்ந்தன. அதன்பின் கலிபோர்னியாவில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஓய்வு.

ஐயம் எப்போது பிறந்தது என ஒரு நாளைக் குறித்துக் கூறுதல் அரிது. இரண்டாம் உலகப் பெரும்போர்க் காலத்தில் அது முற்றியது என்பது தெளிவு. அக்காலத்தில் நேச நாட்டுப் படைவீரர்களுக்காக அவர் ஐந்நூறுக்கு மேற்பட்ட கச்சேரிகள் செய்தார். இராணுவ விமானங்களிற் பயணம், மருத்துவமனைகளிலும் முகாம்களிலும் வாசிப்பு, ஒழுங்கான சாதகத்துக்கு நேரமின்மை, இவற்றோடு முதல் மணவாழ்க்கையின் முறிவு என யாவும் ஒருங்கே வந்து தாக்கின. 1945ஆம் ஆண்டு யூலை மாதத்தில், பெஞ்சமின் பிரிட்டன் என்னும் ஆங்கில இசைப்புலவர் பியானோ வாசிக்க, விடுவிக்கப்பட்ட பெல்சன் வதைமுகாமிலே எஞ்சியிருந்தோர் முன் வாசித்தார். அத்தகைய சூழலிலே கை தளர்ந்தமைக்கு மனத்துயரே காரணம் எனக் கூறிவிடலாம். மெனுகின் அவ்வாறு கூறி அமைதி கொள்ளவில்லை. சிறுவயதில் வினாவின்றி இயங்கிய கை இப்போது ஏன் சிலவேளை இயங்க மறுக்கின்றது என வினவினார். விடை தம்மிடம் இல்லை என்பதைக் கண்டார். அறிந்து செய்த செயலாயின் பிழைத்த இடத்தைத் தேடிக் காணலாம். அறியாமற் செய்த செயலில் எவ்விடத்தைத் தேடுவது?

இவ்விடத்தில் மேனாட்டு வயலின் வாசிப்பின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். நம் வித்துவான்கள் தரையில் அமர்ந்து, வயலினின் தலைப்பக்கத்தைக் காலின்மீதும் அடிப்பக்கத்தை மார்பிலுமாக அமைத்து வாசிப்பர். கருவி இரு முனையிலும் தாங்கப்பெறுதலின் இடக்கை கமகங்களுக்காகத் தந்தியில் வழுக்கிச் செல்ல வசதியுண்டு. மேனாட்டாரோ நின்றவாறு, தோளுக்கும் மோவாய்க்கும் இடையே கருவியை வைத்து வாசிப்பர். மோவாய் இறுகினால் கழுத்து இறுகும். கழுத்து இறுகினால் தோளும், தோளிலிருந்து விரல்களும் இறுகும். வலக்கையின் தொல்லை இன்னும் நுட்பமானது. வில்லைப் பிடிக்குமிடத்துக்கு அருகேயுள்ள பகுதி தந்தியிற் படும்போது வில்லின் பாரம் மிகுதியாக அழுத்தும். நுனி படும்போது பாரம் மிகக் குறையும். ஆகவே ஒரே அளவான நாதத்தை எழுப்ப, வில் செல்லும் தூரமெல்லாம் கையின் அழுத்தம் கணந்தோறும் மாறிக்கொண்டே இருத்தல் வேண்டும். சுட்டுவிரலும் சிறுவிரலும் இதிலே தராசின் இரு தட்டுப்போல இயங்குவன. தோளில் எழும் சிறு நடுக்கமும் வில்லின் வழியே நாதத்தில் வெளிப்பட்டுவிடும். குழந்தையின் இளகிய உடல் இச்சமநிலையைத் தானே கண்டுகொள்கின்றது. உடல் வளர்ந்து, கை நீண்டு, தசை இறுகியபின் பழைய சமநிலை பொருந்துவதில்லை. மெனுகினைப் பின்னாளில் மிக வருத்தியதும் இந்த வில்லின் நடுக்கமே.

அவர் மேற்கொண்ட மறுபயிற்சி முறைப்படி ஓர் ஆசிரியரிடம் சென்று அமர்ந்ததன்று. கார்ல் பிளெஷ் போன்ற ஆசிரியர்கள் எழுதிய நூல்களைத் துருவினார். ஏனைய வயலின் வல்லுநர்களின் கைகளை உற்று நோக்கினார். வில்லைப் பிடிக்கும் ஐந்து விரல்களில் ஒவ்வொன்றின் தொழிலையும் தனித்தனியே பிரித்து ஆராய்ந்தார். இவற்றையெல்லாம் கச்சேரிகளை நிறுத்தாமலே செய்தார் என்பதுதான் இடர். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் அச்சாணியைக் கழற்றிப் பார்ப்பதை ஒத்த செயல் அது. தம்மியல்பாக நடப்பவன் ஒவ்வோர் அடியையும் எண்ணி நடக்க முற்பட்டால் முதலில் இடறவே செய்வான். ஆராய்ச்சி தொடங்கிய காலத்தில் அவருடைய வாசிப்பு சீரற்றிருந்தமைக்கு அவ்வாராய்ச்சியே ஒருபாதி காரணமாதல் கூடும். இதே காலத்திலேதான் அவர் அங்கேரிய இசைப்புலவர் பேலா பார்ட்டோக்கிடம் தனி வயலினுக்கென ஒரு சொனாட்டாவை இயற்றித் தருமாறு வேண்டி, 1944ஆம் ஆண்டு நவம்பரில் அதனை முதன்முறையாக அரங்கேற்றினார். துணைக்கருவி ஏதுமின்றி வாசிக்கவேண்டிய அவ்வுருப்படி மிகக் கடினமானவற்றுள் ஒன்று. ஐயத்தில் இருப்பவன் எளியவற்றை நாடுவான் என்னும் பொதுவிதி இவரிடத்துப் பொய்த்தது.

1951இல் நியூசிலாந்தில் ஒரு மருத்துவரின் வரவேற்பறையிற் காத்திருந்தபோது யோகாசனம் பற்றிய நூலொன்று அவர் கண்ணிற் பட்டது. அடுத்த ஆண்டு நேருவின் அழைப்பை ஏற்று இந்தியா வந்தார். கச்சேரிகளின் வருவாய் பஞ்ச நிவாரணத்துக்கு அளிக்கப்பட்டது. நேருவும் மெனுகினும் சிரசாசனஞ் செய்து காட்டிய செய்தி அந்நாளிற் பலராலும் பேசப்பட்டது. ஆனால் அவ்வேடிக்கையிலும் பெரிதும் பயன் தந்தது பம்பாயில் நிகழ்ந்த சந்திப்பு. பூனாவில் யோகம் கற்பித்துவந்த பி. கே. எஸ். ஐயங்காருக்குச் சில நிமிடங்களே ஒதுக்கப்பட்டிருந்தன. களைத்திருந்த மெனுகினை அவர் கிடத்தி ஓய்வுநிலைக்குக் கொண்டுவர, நெடுநாள் அயர்வுற்றிருந்த கலைஞர் உறங்கிவிட்டார். சந்திப்பு மணிக்கணக்காக நீண்டது. 1954இல் ஐயங்காரைச் சுவிற்சர்லாந்துக்கு வரவழைத்த மெனுகின், தமது மிகச்சிறந்த வயலின் ஆசிரியருக்கு எனப் பொருள்படும் சொற்கள் பொறித்த கைக்கடிகாரம் ஒன்றை அவருக்கு அளித்தார். ஐயங்கார் வயலின் வாசிப்பவர் அல்லர்.

இக்கதையை நம் நாட்டார் சிலர், யோகத்தினாலே மெனுகின் இழந்த கலையை மீட்டார் என மிகைப்படுத்திக் கூறுவதுண்டு. அது பொருந்தாது. யோகம் விரலுக்குச் சுரத்தைக் கற்பிக்கவில்லை. நிற்றல், மூச்சு விடுதல், ஒரு தசை தொழில் செய்கையில் மற்றைய தசை ஓய்ந்திருத்தல் என்னும் இவையே அவர் பெற்ற பாடம். நூல்களில் அவர் தேடிய விடை விரலிலிருந்து தொடங்கியது. ஐயங்காரிடம் கிடைத்த விடை பாதத்திலிருந்து தொடங்கியது. இரண்டையும் இணைத்தது அவர்தம் உழைப்பு.

மறுபயிற்சி அவருக்கு இளமையின் வாசிப்பை மீட்டுக்கொடுத்ததா என வினவின், இல்லை என்பதே நேர்மையான விடை. எல்கார் கொன்சேட்டோவை அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேற்கழித்து, அட்ரியன் போல்ட் குழுவை நடத்த, மீண்டும் பதிவு செய்தார். இரு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்போர்க்கு வேறுபாடு தெளிவாகும். முன்னதில் நாதம் தடையற்ற நீரோட்டமாகச் செல்கின்றது. பின்னதில் ஆங்காங்கே வில் தளம்புகின்றது. பிற்கால மெனுகினின் கச்சேரிகள் ஒருநாள் போல் மறுநாள் இருப்பதில்லை என விமரிசகர் குறைகூறியதும் உண்மையே. எனினும், 1953இல் பூர்த்வாங்க்லர் குழுவை நடத்த இலண்டனிற் பதிவான பீதோவன் கொன்சேட்டோவைக் கேட்போர், அதன் நடுப்பகுதியின் அமைதியைப் பதினொரு வயது மேதையொருவன் தந்திருத்தல் இயலாது என்பர். அங்கே ஒவ்வொரு சுரமும் தேர்ந்து வைக்கப்பட்டது. தானாக வந்து விழுந்ததன்று.

தாம் பெற்றதைப் பிறர்க்குக் கூறும் ஆற்றலும் அவருக்கு இதனாலேயே வாய்த்தது. 1963இல் இலண்டனில் இளஞ்சிறார்க்கென ஓர் இசைப் பாடசாலையை நிறுவினார்; அது மறுவருடம் சரே மாவட்டத்தின் ஸ்ரோக் டாபெர்னன் கிராமத்துக்குப் பெயர்ந்து இன்றும் நடைபெறுகின்றது. நம் ஊர்களில் பரீட்சைக்கென நான்கு உருப்படிகளை உருவேற்றி, அவை முடிந்ததும் வயலினை உறையிலிட்டுப் பரண்மேல் வைக்கும் மாணவர் பலர். அவர்களை நினைக்கும் ஆசிரியர், மெனுகின் 1970களின் தொடக்கத்தில் எழுதி வெளியிட்ட ஆறு வயலின் பாடங்கள் அடங்கிய சிறு நூலைப் புரட்டிப் பார்த்தல் தகும். அதன் முதற்பாடத்திலே வயலினும் இல்லை, வில்லும் இல்லை. மூச்சை உள்வாங்கி வெளிவிடுதல், நிற்றல், தோளையும் கழுத்தையும் தளர்த்துதல் ஆகியவையே உள்ளன. இரண்டாம் பாடம் வலக்கையை ஆயத்தஞ் செய்வது. மூன்றாம் பாடம் இடக்கையை ஆயத்தஞ் செய்வது. வாசிப்பு என்னும் சொல்லுக்கு உரிய இடம் அவற்றின் பின்னரே வருகின்றது.