விளையாட்டு வீரரும் போதையும் – பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

2025 ஏப்ரல் மாதம், ஐ.பி.எல். சூடு பிடித்துக்கொண்டிருந்த நேரம். குஜராத் டைட்டன்ஸ் அணியின் தென்னாப்பிரிக்க வேகப்பந்து வீச்சாளர் ககிசோ ரபாடா, இரண்டே ஆட்டம் ஆடிவிட்டு ‘சொந்தக் காரணம்’ என்று ஊருக்குத் திரும்பினார். காரணம் மே மாதம்தான் வெளியே வந்தது. ஜனவரியில் அவர் நாட்டில் நடந்த எஸ்.ஏ.20 போட்டியின்போது எடுத்த பரிசோதனையில், கேளிக்கைக்காக எடுத்துக்கொள்ளும் போதைப்பொருள் தென்பட்டதாம். தண்டனை ஒரு மாதத் தடை.

“ஒரு மாசம்தானா? பென் ஜான்சனை அந்தப் பாடு படுத்தினார்களே!” என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 1988 சியோல் ஒலிம்பிக்கில் பென் ஜான்சன் எடுத்தது ஓட்டத்தின் வேகத்தைக் கூட்டும் ஸ்டீராய்டு. அது போட்டியில் செய்த மோசடி. கஞ்சா, கொக்கேய்ன் போன்றவற்றை வீரர்கள் எடுப்பது பெரும்பாலும் ஜெயிப்பதற்காக அல்ல. இளம் வயதில் கைநிறையப் பணம், ஊர் ஊராகப் பயணம், ஆட்டம் முடிந்த பிறகு தனிமை, காயத்தின் வலி, நண்பர் கூட்டம் என்று காரணங்கள் வேறு.

இதனால் ஆட்டத்துக்கு லாபமில்லை. உயிருக்கு ஆபத்து உண்டு. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் லென் பயஸை 1986 ஜூனில் பாஸ்டன் செல்டிக்ஸ் குழு தேர்ந்தெடுத்தது. இரண்டே நாளில், 22 வயதில், கொக்கேய்னால் இறந்துபோனார். கொக்கேய்ன் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடும். அதே சமயம் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களைச் சுருக்கிவிடும். திடகாத்திரமான உடம்பு என்பது இதற்குக் கவசம் ஆகாது. கால்பந்து மேதை மரடோனாவுக்கு 1991-ல் இதே கொக்கேய்னுக்காக 15 மாதத் தடை வந்தது. தடை முடிந்தும் பழக்கம் விடவில்லை. பல ஆண்டுகள் அதோடு போராடினார்.

உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பை ‘வாடா’ என்பார்கள். 1999-ல் தொடங்கியது, தலைமையகம் கனடாவின் மான்ட்ரியால். ஒரு பொருளைத் தடை செய்ய அது மூன்று அளவுகோல்களைப் பார்க்கிறது: திறனைக் கூட்டுமா, உடம்பைக் கெடுக்குமா, விளையாட்டின் பண்புக்கு விரோதமா. இதில் இரண்டு பொருந்தினால் தடை செய்யலாம். போதைப்பொருள்கள் பட்டியலில் இடம்பெறுவது இப்படித்தான்.

முன்பெல்லாம் தண்டனை கடுமையாக இருந்தது. டென்னிஸ் வீராங்கனை மார்ட்டினா ஹிங்கிஸிடம் 2007 விம்பிள்டனில் கொக்கேய்னின் சுவடு கிடைத்தது. தான் தொட்டதே இல்லை என்று அவர் மறுத்தும் இரண்டாண்டுத் தடை. 2021 முதல் விதி மாறியது. கொக்கேய்ன், ஹெராயின், எக்ஸ்டஸி, கஞ்சாவிலுள்ள டி.எச்.சி. ஆகிய நான்கும் தனி வகை ஆயின. போட்டி நேரத்துக்கு வெளியே, ஆட்டத்துக்குத் தொடர்பில்லாமல் எடுத்ததாக வீரர் நிரூபித்தால் மூன்று மாதத் தடை. சிகிச்சைத் திட்டத்தை முடித்தால் ஒரே மாதம். ‘குற்றவாளி’ என்பதைவிட ‘உதவி தேவைப்படுபவர்’ என்று பார்க்கும் விதி இது. ரபாடா விஷயத்திலும் இதுதான் நடந்தது. ஜூன் மாதம் லார்ட்ஸில் நடந்த உலக டெஸ்ட் இறுதி ஆட்டத்தில் 9 விக்கெட் எடுத்து, தென்னாப்பிரிக்கா வெல்லப் பெரிதும் உதவினார்.

போட்டி நேரம் என்பது பொதுவாக ஆட்டத்துக்கு முந்தின இரவு 11.59 மணிக்கே தொடங்கிவிடுகிறது. இந்த நான்குக்கும் தடை அந்த நேரத்தில்தான். அப்படின்னா முன்னாடியே எடுத்துக்கிட்டா தப்பிச்சுடலாமா? முடியாது. டி.எச்.சி. உடம்பின் கொழுப்பில் போய்த் தங்கிவிடும். எப்போதாவது எடுப்பவருக்குச் சில நாள், தினமும் எடுப்பவருக்குப் பல வாரம்கூட அதன் தடயம் சிறுநீரில் வரும். இதற்காகவே 2013-ல் வாடா அதன் வரம்பை ஒரு மில்லிலிட்டருக்கு 15 நானோகிராமிலிருந்து 150 ஆக உயர்த்தியது. அப்படியும் 2021-ல் அமெரிக்க ஓட்டக்காரி ஷகாரி ரிச்சர்ட்சன் அகப்பட்டார். பெற்ற தாய் இறந்த செய்தி கேட்ட துயரத்தில் கஞ்சா புகைத்ததாகச் சொன்னார். தடை ஒரு மாதம்தான். ஆனால் தகுதிப் போட்டியில் பெற்ற வெற்றி ரத்தாகி, டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் வாய்ப்பு போயிற்று. இது நியாயமா என்ற வாதம் எழுந்தது. 2022-ல் மறுபரிசீலனை செய்தும் வாடா கஞ்சாவைப் பட்டியலில் இருந்து எடுக்கவில்லை.

வட மாநிலங்களில் குடியிருக்கும் நம் குடும்பங்களுக்கு இதில் ஒரு நேரடிச் சங்கதி உண்டு. ஹோலிப் பண்டிகையில் தண்டாயில் பாங் கலந்து கொடுப்பது இங்கே வழக்கம். 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், பூவும் நுனியும் சேராத வெறும் கஞ்சா இலையைத் ‘கஞ்சா’ என்ற வரையறையில் சேர்க்கவில்லை. அதனால் உத்தரப்பிரதேசம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்களில் உரிமம் பெற்ற பாங் கடைகளே உண்டு. ஆனால் பரிசோதனைக் கூடத்துக்கு இலை, பூ என்ற பேதமெல்லாம் தெரியாது, டி.எச்.சி. இருக்கிறதா என்றுதான் பார்க்கும். “பக்கத்து வீட்டு மாமி கொடுத்த தண்டாய் சார்” என்றால் தண்டனை குறையலாம். பெற்ற முடிவு ரத்தாவதைத் தடுக்க முடியாது. உடம்பில் இருப்பதற்கு வீரரே பொறுப்பு என்பது அடிப்படை விதி.

ஆகவே மாநில அணி, தேசியப் போட்டி என்று ஆடும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், ஹோலிக்கு முன்பே இதை உட்கார்ந்து சொல்லிவிடுங்கள். வீட்டுத் தண்டாயை நாமே பாதாம், சோம்பு அரைத்துப் பண்ணிக் கொடுக்கலாம். அதைவிட முக்கியமான ஒன்று: பிள்ளை தோற்று வந்த நாளிலும், காயப்பட்டுப் படுத்த நாளிலும் பக்கத்தில் உட்கார்ந்து பேச வீட்டில் ஆள் இருக்க வேண்டும். ஏற்கெனவே பழக்கம் ஒட்டிக்கொண்டது தெரிந்தால், மானம் போகிறதே என்று மூடி மறைக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். விளையாட்டு உலகமே இன்று தண்டனையோடு சிகிச்சையையும் சேர்த்துப் பேசுகிறது. பெற்றவர்கள் அதற்கு ஒருபடி முன்னால் நிற்க வேண்டாமா?