பந்து வராத மூன்றாம் ஆள்

கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒருநாள் பூங்காவில் தன் நாயோடு உட்கார்ந்திருந்தார். எங்கிருந்தோ வந்த ஃபிரிஸ்பீ தட்டு அவர்மேல் பட்டது. எடுத்து, விளையாடிக்கொண்டிருந்த இருவரிடம் திருப்பி வீசினார். அவர்கள் மறுபடி அவருக்கே வீசினார்கள். சில சுற்று இப்படிப் போனது. பிறகு ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருவரும் தங்களுக்குள்ளேயே ஆடத் தொடங்கிவிட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள்தான், இருந்தும் அவருக்குச் சுருக்கென்றது.

வேறு யாராவது என்றால் வீட்டுக்குப் போய்க் காபி குடித்து மறந்திருப்பார்கள். வில்லியம்ஸ் அதைக் கணினி விளையாட்டாக்கினார். பெயர் சைபர்பால். திரையில் உங்களையும் சேர்த்து மூன்று பேர் பந்து வீசிக்கொள்வார்கள். கொஞ்ச நேரத்தில் உங்களுக்குப் பந்து வருவது நின்றுவிடும். 2003இல் நவோமி ஐசன்பெர்கர் என்ற ஆய்வாளரும் வில்லியம்ஸும் இன்னொருவரும் 13 பேரை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து இதை ஆடச் செய்தார்கள். பந்து நின்றதும், உடல்வலியின் வேதனையோடு தொடர்புடைய மூளைப்பகுதி ஒன்று கிளர்ந்தெழுந்தது. 13 பேர் சிறிய எண்ணிக்கைதான். அந்தப் பகுதி வலிக்கு மட்டும் உரியதா என்ற விவாதமும் ஓயவில்லை. எனக்கு வியப்பு அடுத்து வந்த சோதனையில்: எதிரே ஆடுவது வெறும் கணினி என்று சொல்லிவிட்டாலும் மனம் வாடத்தான் செய்தது.

மனம் இவ்வளவு மெல்லியது என்றால், முதலாண்டு எம்.பி.பி.எஸ். மாணவியின் நாளை யோசித்துப் பாருங்கள். 2020இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த 7.5% ஒதுக்கீட்டில், தமிழ்வழி அரசுப் பள்ளியிலிருந்து வந்தவள். கணையம் என்று படித்தது இங்கே பேங்க்ரியாஸ், மண்ணீரல் ஸ்ப்ளீன். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் விடை தெரிகிறது, வாய் திறக்கவில்லை. பக்கத்தில் நிற்கும் நகரத்துப் பையனும் அதே கேள்வியில் திணறுகிறான். ஆனால் அவன், “இந்த சார் எப்பவுமே இப்படித்தான்” என்று சொல்லிவிட்டு மெஸ்ஸுக்குப் போகிறான். அவளோ, “நான் இங்கே வந்திருக்கவே கூடாது” என்று முடிவுகட்டுகிறாள். வைவா ஒன்றுதான், அதற்கு எழுதப்பட்ட உரைகள் இரண்டு.

இது அவள் ஒருத்தியின் நிலை மட்டுமல்ல. தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024இல் தந்த அறிக்கையின்படி, இளநிலை மாணவர்களில் 35% பேர் எப்போதுமோ அடிக்கடியோ தனிமையை உணர்வதாகச் சொன்னார்கள். 2016இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மருத்துவ மாணவர்களில் 27.2% பேரிடம் மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருந்தன. அப்படிக் கண்டறியப்பட்டவர்களில் சிகிச்சையை நாடியவர்கள் 15.7% மட்டுமே. மருந்து எழுதப் படிப்பவர்கள், பாருங்கள்!

அவள் தனக்குள் எழுதிக்கொண்ட அந்த உரையை மாற்றி எழுத முடியுமா? கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் என்ற உளவியலாளர்கள் அமெரிக்காவில் முயன்றார்கள். “எங்களுக்கும் முதலில் ஒட்டவில்லை, போகப்போகச் சரியாயிற்று” என்ற ரீதியில் சீனியர்கள் சொன்னவற்றை முதலாண்டு மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்தார்கள். அடுத்து வருபவர்களுக்காகத் தங்கள் அனுபவத்தையும் எழுதவைத்தார்கள். சுமார் ஒரு மணி நேர வேலை. 2011இல் வெளியான முடிவின்படி, மூன்றாண்டுகளில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்து, வெள்ளையர்களோடு இருந்த இடைவெளி பாதியாகியது. உடல்நலமும் மேம்பட்டதாக அவர்கள் சொன்னார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் என்ன படித்தோம் என்பது பெரும்பாலோருக்குச் சரியாக நினைவில்கூட இல்லை.

மந்திரம்போல் தோன்றுகிறது. ஆனால் 2023இல் 22 கல்வி நிலையங்களில் சுமார் 27,000 பேரிடம் செய்து பார்த்தபோது, ஒட்டி உறவாட உண்மையிலேயே வாய்ப்பிருந்த இடங்களில்தான் அது பலித்தது. பந்து வரும் என்று சொன்னால் போதாது, வரவும் வேண்டும். யோகா தினம் கொண்டாடிவிட்டு மாணவர் மனநலம் பேணியாயிற்று என்று கணக்கெழுதும் கல்லூரிகளை நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஆண்டு வார்டு போஸ்டிங். அகில இந்திய ஒதுக்கீட்டில் ராஜஸ்தானிலிருந்து வந்தவன் ஒரு பாட்டியின் கட்டிலருகே நிற்கிறான். “நெஞ்சைக் கரிக்குது சாமி, சாப்பிட்டா வயிறு பொருமுது” என்கிறார் பாட்டி. அவனுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. இங்கே பந்து வராதவன் அவன். அரசுப் பள்ளி மாணவி பாட்டியின் கையைப் பிடித்தபடி இன்னும் இரண்டு கேள்வி கேட்கிறாள். பிறகு அவன் பக்கம் திரும்பி, “ஹார்ட்பர்ன்” என்கிறாள். அவன் எழுதிக்கொள்கிறான்.