உலக வளர்ச்சி நிறுவனங்களில் ஆராய்ச்சியும் கணக்கும்

கல்லூரியிற் பயில்வார் ஒவ்வொருவரையும் அவர்தம் பெற்றோரும் உற்றாரும் வினவும் வினா ஒன்றுண்டு. "படித்து முடித்தபின் யாது செய்யக் கருதியுள்ளாய்?" என்பதே அது. காவிரியின் கடைமடையில் அமைந்த காரைக்கால் வட்டாரத்தில் இவ்வினாவிற்குச் சில விடைகளே நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. உழவு, மீன்பிடித் தொழில், வாணிகம், அரசாங்க உத்தியோகம், ஆசிரியர் தொழில் என்பன அவை. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பத்தினர் சிலர் கடல் கடந்து பிரான்சு நாடு சென்று ஊழியம் புரிதலும் இப்பகுதியின் பழைய வழக்கம். இவற்றின் வேறாய், நாடுகள் பல ஒருங்குகூடி நிறுவிய வளர்ச்சி நிறுவனங்களில் ஆராய்ச்சியாளராகவும் நிதிக் கணக்கராகவும் பணிபுரிதல் என்னும் தொழிலொன்று உண்டு. அதன் இயல்பு யாது, அஃது எவ்வாறு நிகழ்கின்றது, ஏழை எளியவர்க்கு அதனால் விளைவது யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஒருவாறு விளக்கப் புகுவாம்.

இந்நிறுவனங்களின் வரலாற்றை முதற்கண் சுருங்க நோக்குவாம். இரண்டாம் உலகப்போர் முடிவுறுமுன், 1944ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அமெரிக்க நாட்டின் பிரெட்டன் வுட்சு என்னும் ஊரில் 44 நாடுகளின் பேராளர் கூடினர். போரினாற் பாழ்பட்ட நாடுகளை மீண்டும் கட்டுதற்கும், வறிய நாடுகளை வளர்த்தற்கும் கடன் வழங்கும் பொருட்டு உலக வங்கி அங்கே வித்திடப்பட்டது. அப்பேரவையில் இந்தியாவின் பேராளருள் ஒருவராய் அமர்ந்தவர் கோயம்புத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியார் ஆவர். பின்னர் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சராய் விளங்கிய அவரே, சிலப்பதிகாரப் புகார்க் காண்டத்திற்கு உரை கண்டவருமாவர். தமிழும் நிதியும் ஒருவரிடத்தே ஒன்றி வாழவியலும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதின்று. 1949ஆம் ஆண்டில் இந்தியா தன் முதற்கடனை அவ்வங்கியிடம் பெற்றது. அஃது இருப்புப்பாதைகளின் பொருட்டாம். வறிய நாடுகட்கு எளிய முறையிற் கடனளிக்கும் உலக வளர்ச்சிக் கழகம் 1960இலும், ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் 1965இலும், மணிலா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆசிய வளர்ச்சி வங்கி 1966இலும், உரோமை நகரில் வேளாண்மை வளர்ச்சிக்கான அனைத்துநாட்டு நிதியம் 1977இலும் தோன்றின.

இவற்றிற் பணிபுரிவார் பல திறத்தினர். பொறியாளர், மருத்துவர், சட்ட வல்லுநர் முதலாயினாரும் ஆங்குளர். எனினும் இரு திறத்தாரே அந்நிறுவனங்கட்கு இரு கண்கள் போல்வர். "யார்க்கு, எவ்வளவு, எதன்பொருட்டு?" என்று ஆராய்ந்து உரைப்பவர் ஒரு திறத்தார்; "கொடுத்த பொருள் உரியவரைச் சேர்ந்ததா?" என்று கணக்கு நோக்குவோர் மற்றொரு திறத்தார். இவ்விருவர் பணியையும் பொதுப்பட உரைப்பின் விளங்காது. ஆதலின், நம் கடற்கரையில் நிகழ்ந்ததொன்றைக் கொண்டு விளக்குவாம்.

2004ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள் காலையில் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கிற்று. நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். காரைக்கால் வட்டாரத்தில் மட்டும் 400க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி முதலிய மீனவர் ஊர்கள் பெருந்துயருற்றன. எம்மனோர் பிறவாமுன் நிகழ்ந்ததெனினும், அந்நாளை அறியாத இல்லம் இக்கரையில் இன்று. பிணங்களை அடக்கம் செய்து முடிந்தபின் எழுந்த வினா, இனி வாழ்வது எவ்வாறு என்பதே. அவ்வினாவிற்கு விடை காண வந்தோருள் உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஐக்கிய நாடுகள் அவை என்னும் மூன்றின் ஆராய்ச்சியாளரும் இருந்தனர்.

அவர்கள் கையாண்ட முறை இலத்தீன் அமெரிக்க நாடுகளுக்கென அமைந்த ஐக்கிய நாடுகள் பொருளாதார ஆணையத்தார் 1970களில் வகுக்கத் தொடங்கியதாகும். அம்முறை துன்பத்தைச் சேதம் என்றும் இழப்பு என்றும் இரண்டாகப் பகுக்கும். அழிந்த வீடு, படகு, வலை, பாலம் முதலிய பொருள்களை மீண்டும் ஆக்குதற்கு வேண்டும் விலை சேதமாம். அப்பொருள்கள் இன்மையால் மீளுங்காறும் கைவராதொழியும் வருவாய் இழப்பாம். உவமைக்கு ஒரு கணக்கிடுவாம். ஒருவன் படகும் வலையும் சேர்ந்து 1,00,000 ரூபாய் பெறும் எனவும், அவன் நாளொன்றுக்கு 500 ரூபாய் ஈட்டினான் எனவும், 120 நாள் கடலுக்குச் செல்லாதிருந்தான் எனவும் கொள்வாம். அவன் சேதம் 1,00,000 ரூபாய். இழப்பு 60,000 ரூபாய். அடுத்த வீட்டில், மீன்கூடை சுமந்து தெருத்தெருவாய் விற்கும் பெண்ணொருத்தி வாழ்கின்றாள். அவள் கூடையும் தராசும் 300 ரூபாய் பெறும். நாள் வருவாய் 150 ரூபாய். அவள் சேதம் 300 ரூபாயே; இழப்போ 18,000 ரூபாய். சேதத்தை மட்டும் எண்ணும் கணக்கர் ஏட்டில் அவள் துன்பம் 300 ரூபாயாய்ச் சுருங்கிவிடும். இழப்பையும் எண்ணுவோர் ஏட்டில் அஃது அறுபத்தொரு மடங்காய் விரியும். அலை ஒன்றே, கணக்கிடும் முறை வேறுபட, அவள் பெறும் உதவியும் வேறுபடுகின்றது. ஆராய்ச்சி என்பது ஏட்டளவில் நிற்கும் பொருளன்று என்பது இதனால் விளங்கும்.

அம்மூன்று நிறுவனங்களும் 2005 மார்ச்சுத் திங்களில் தம் மதிப்பீட்டை வெளியிட்டன. ஆந்திரம், கேரளம், தமிழ்நாடு, புதுச்சேரி ஆகிய நான்கிலும் சேதம் ஏறத்தாழ 57 கோடி டாலர் எனவும், இழப்பு ஏறத்தாழ 45 கோடி டாலர் எனவும், மீட்சிக்கு ஏறத்தாழ 120 கோடி டாலர் வேண்டும் எனவும் அவை கணித்தன. மீன்பிடித் தொழிலிலோ சேதத்தினும் இழப்பே மிக்கிருந்தது. அதன்பின் அவ்வாண்டு மே மாதத்தில் உலக வங்கி, தமிழ்நாட்டிற்கும் புதுச்சேரிக்குமாக 46.5 கோடி டாலர் கடனளிக்க ஒருப்பட்டது. ஆசிய வளர்ச்சி வங்கி 20 கோடி டாலர் அளிக்க இசைந்தது. அதிற் பாதி கடன், பாதி நன்கொடை. ஆனால் அது தமிழ்நாட்டிற்கும் கேரளத்திற்குமே உரித்தாயிற்று. காரைக்காலோ, மூன்று புறம் தமிழ்நாடும் ஒரு புறம் கடலும் சூழ இருந்தும், புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்டது. 1739 முதல் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்து, 1954ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் இந்தியாவோடு இணைந்த வரலாற்றின் விளைவு இது. ஆகவே ஒரே அலையினால் அடியுண்ட இரண்டு ஊர்கள், எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் இருந்தமையால், இருவேறு ஏடுகளில் எழுதப்பட்டன. கடல் எல்லையறியாது, நிதியோ எல்லையை அறியும். ஆராய்ச்சியாளன் நிலப்படத்தை நுணுகிக் கற்றல் வேண்டும் என்பதற்கு நம்மூரே பாடமாம்.

இனி, கணக்கர் பணியை நோக்குவாம். கடன் என்றவுடன் பணமூட்டை வந்திறங்கும் என எண்ணற்க. பெரும்பாலும் அரசாங்கமே முதலிற் செலவு செய்யும். செலவுச் சீட்டுகளைத் தொகுத்துத் திட்ட அலுவலகம் கணக்கெழுதும். அக்கணக்கு, வெளிநாட்டு உதவியைக் கவனிக்கும் நிதியமைச்சக அலுவலகத்தின் வழியாக வங்கிக்குச் செல்லும். வங்கியார் ஆராய்ந்து ஏற்ற பின்னரே அத்தொகை ஈடு செய்யப்படும். அன்றியும், அக்காலத்தில் உலக வளர்ச்சிக் கழகத்தின் கடன் டாலரிலோ ரூபாயிலோ குறிக்கப்பெறாது, நாணயங்கள் பலவற்றைச் சேர்த்தமைத்த சிறப்பு எடுப்புரிமை என்னும் அளவையிற் குறிக்கப்பெற்றது. அதற்கு வட்டி இன்று, ஆண்டுக்கு 0.75 விழுக்காடு சேவைக் கட்டணம் உண்டு. ரூபாயின் மதிப்பு வீழின், திருப்பிச் செலுத்த வேண்டிய சுமை ஏறும். ஆண்டு முடிந்து ஆறு திங்களுக்குள் தணிக்கை அறிக்கை செல்லுதல் வேண்டும் என்பது வழக்கமான விதி. இவையனைத்தையும் பிழையறக் காப்பது நிதிக் கணக்கர் கடமை.

இவ்விதிகள் கொடியன என்று சிலர் கூறுவர். பேரலையில் வீடு போயிற்று. வீட்டோடு பட்டாவும் குடும்ப அட்டையும் போயின. சீட்டு இல்லையேல் செலவு இல்லை என்று கணக்கர் நிற்பாராயின், அனைத்தும் இழந்தவளே உதவியும் இழப்பாள். அவ்வுரை மெய்யே. ஆயினும், சீட்டே வேண்டா என்று விடுப்பின் வல்லவன் இருமுறை பெறுவான். எளியவள் ஒருமுறையும் பெறாள். கணக்கு என்பது எளியோர்க்குப் பகையன்று. ஒழுங்கான கணக்கே அவர்க்கு அரண். ஆதலின் நல்ல கணக்கர், இழந்த சீட்டிற்கு ஈடாக ஏற்கத்தக்க சான்றுகள் யாவை என்பதை முன்னரே வகுத்து, அவற்றை விதியாகவே எழுதி வைப்பர். விதியை மீறுதல் எளிது; விதியைத் திருத்துதலே அறிவுடையார் செயல்.

இங்கே தமிழ் பயில்வார்க்கு உரிய செய்தியொன்றுண்டு. கணக்கெடுப்போர் கேட்கும் முதல் வினா, "இவ்வூரில் எத்தனை குடும்பம்?" என்பது. குடும்பம் என்னும் சொல் எதனைக் குறிக்கும்? ஒரு கூரையின்கீழ் மணமான மக்கள் இருவரும் பெற்றோரும் வாழ்ந்து, மூன்று அடுப்பு எரியுமாயின் அஃது ஒன்றா, மூன்றா? இந்திய மக்கட்கணக்கெடுப்பு, ஒரே சமையலில் உண்டு ஒன்றாய் வாழ்வோரை ஓர் இல்லத்தார் எனக் கொள்ளும். கடலோர ஊர்ப் பஞ்சாயத்திலோ 'தலைக்கட்டு' என்னும் சொல் வழங்குகின்றது. ஊர்வரி செலுத்தும் ஆடவனைத் தலைவனாகக் கொண்ட குடும்பத்தையே அது பெரும்பாலும் குறிக்கும். கைம்பெண் தனித்து நடத்தும் இல்லம் பல இடங்களில் முழுத் தலைக்கட்டாய் எண்ணப்படுவதில்லை. ஆகவே, "எத்தனை தலைக்கட்டு?" என்று கேட்டுப் பெற்ற எண்ணை, "எத்தனை இல்லம்?" என்னும் கட்டத்தில் எழுதிய ஒருவன், தன்னை அறியாமலே பல கைம்பெண்களை ஏட்டினின்று நீக்கியவனாவான். அவன் கணக்கில் பிழையின்று, சொல்லில் பிழையுண்டு. சொற்பொருள் ஆராயும் நம் பயிற்சி இத்துறைக்குப் புறம்பானதன்று என்பதை இதனால் உணர்க.

இத்துறையில் தமிழர் முன்னரே தடம் பதித்துள்ளனர். வேலூரில் 1910ஆம் ஆண்டு பிறந்த மால்கம் ஆதிசேசையா அவருள் முதன்மையாக வைத்து எண்ணத்தக்கவர். வேலூர் ஊரீசுக் கல்லூரியிலும் சென்னை இலயோலாக் கல்லூரியிலும், பின்னர் இலண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்று, 1940களிற் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் பொருளியற் பேராசிரியராய் இருந்தார். 1948இல் யுனெசுகோவிற் சேர்ந்து, வறிய நாடுகட்குத் தொழில்நுட்ப உதவியளிக்கும் பகுதியை நடத்தி, 1963 முதல் 1970 வரை அதன் துணைத் தலைமை இயக்குநராய் விளங்கினார். பதவி முடிந்தபின் அயல்நாட்டிலே இன்புற்றிருத்தலை விரும்பாது, 1971ஆம் ஆண்டு தம் மனைவியாருடன் சென்னை அடையாற்றில் வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை அமைத்தார். உலகெங்கும் சென்று கற்றதனைத் தம் நாட்டின் ஊர்களை ஆராய்தற்குப் பயன்படுத்தியதே அவர்தம் பெருமை. 1994இல் அவர் மறைந்தார். அவர் அமைத்த நிறுவனம் நின்று நிலவுகின்றது.

இத்தொழிலை விரும்புவார் கற்க வேண்டுவன யாவை? ஆராய்ச்சித் துறை புகுவார்க்குப் பொருளியலும் புள்ளியியலும், நிதித்துறை புகுவார்க்குக் கணக்கியலும் தணிக்கையும் இன்றியமையாதன. இரு திறத்தாரும் முதுகலைப் பட்டமேனும் பட்டயக் கணக்கர் தகுதியேனும் பெறுதல் நலம். ஆங்கிலம் வேண்டும், பிரெஞ்சு அறிந்தார்க்கு ஆப்பிரிக்க நாடுகளின் வாயில் திறக்கும். காரைக்காலார்க்கு அம்மொழி முற்றும் அயலானதன்று. உலக வங்கி 1963 தொட்டு இளம் வல்லுநரைத் தேர்ந்து பயிற்றி வந்துள்ளது. வாசிங்டன் செல்லாமலே இப்பணியிற் சேரவும் வழியுண்டு. அவ்வங்கி 2001இல் சென்னையில் அலுவலகம் திறந்து, தன் உலகளாவிய கணக்குப் பணிகளில் ஒரு பகுதியை அங்கே நடத்தலாயிற்று.

இவற்றினும் முற்பட வேண்டுவது தன்னூரை அறிதல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பொருளியற் பேராசிரியராய் 1915இல் வந்த கில்பர்ட் சிலேட்டர், தம் மாணவரை விடுமுறையில் ஊர்களுக்கு அனுப்பி, நிலம், வருவாய், கடன், உணவு முதலியவற்றைக் கணக்கெடுக்கச் செய்தார். அவ்வாறு ஆராயப்பட்ட ஊர்களுள் பழைய தஞ்சாவூர் மாவட்டத்துப் பாலக்குறிச்சியும் ஒன்று. 1918இல் அவ்வாராய்ச்சி நூலாய் வெளிவந்தது. 1930களில் அவ்வூர்களைப் பிறர் மீண்டும் ஆராய்ந்து, நேர்ந்த மாறுதல்களை ஒப்புநோக்கினர். நம்மை ஒத்த மாணவர் எழுதிய கணக்கு, ஒரு நூற்றாண்டு கடந்தும் அறிஞர்க்குப் பயன்படுகின்றது.

கடன் கொடுப்பார்க்கு ஊழியஞ்செய்தல் நாட்டுத் தொண்டாகுமோ என ஐயுறுவாரும் உளர். கடன் தந்தோர் தம் கருத்தையும் உடன் தருவர். கடனைத் திருப்பிச் செலுத்துவோர் நம் பின்னோரே. ஆகவேதான் அவ்வேடுகளை எழுதுவோருள், கூடை சுமப்பவளையும் கடைமடை உழவனையும் நேரிற் கண்டறிந்தோர் சிலரேனும் இருத்தல் வேண்டும். அறியாதார் எழுதும் கணக்கில் அவர்கள் விடுபடுவர். நண்பர்காள், வரும் விடுமுறையில் நும் தெருவில் எத்தனை அடுப்பு எரிகின்றன என்று எண்ணிப் பார்மின்; ஊரார் கூறும் எண்ணோடு அதனை ஒப்பிடுமின். இரண்டும் வேறுபடுமாயின், அவ்வேறுபாட்டின் காரணத்தை ஆராயுமின். இத்தொழிலின் முதற்பாடம் அதுவே.