நீர்நாயும் நீரோடையும்

ஆங்கிலத்திலே 'பீவர்' எனப்படும் பிராணியை நம்மவருட் சிலர் 'நீர்நாய்' என மொழிபெயர்த்து விடுகின்றனர். இது பொருந்தாது. பீவர் மரப்பட்டையும் தழையும் தின்னும் கொறிவிலங்கு. மரத்தைப் பல்லால் வீழ்த்தி ஓடைக்கு அணைகட்டுவது அதன் தொழில். ஐரோப்பா, வட ஆசியா, வட அமெரிக்கா ஆகியனவே அதன் தாயகம். இலங்கையில் அது இல்லை. நம் நீர்நாயோ மீனுண்ணும் பிராணி. அது வாளைமீனை இரையாகப் பெறுவதைக் குறுந்தொகைப் புலவர் மருதத்திணையில் வைத்துப் பாடினர். சிங்களவர் வழங்கும் 'தியபல்லா' என்ற பெயருக்கும் நீர்நாய் என்பதே பொருள்.

இலங்கையில் வாழும் நீர்நாய் ஒரே இனம். அயர்லாந்து முதற் சீனம்வரை பரவியுள்ள அதே இனம். தாழ்நிலத்து ஆறுகுளங்களிலும் மலைநாட்டு ஓடைகளிலும் அது உண்டு. இரவிலே திரிவதாதலின் கண்ணிற் படுவது அரிது. ஆயினும் ஓடைநடுப் பாறைமீது அது இட்டுச்செல்லும் எச்சத்தைக் காணலாம். நண்டோடும் மீன்செதிளும் அதில் நிறைந்திருக்கும். இத்தீவில் 50க்கும் மேற்பட்ட நன்னீர் நண்டினங்கள் உள. அவை ஏறக்குறைய யாவும் உலகில் வேறெங்கும் காணப்படாதவை.

நண்டு, மீன், தவளை ஆகியவற்றை உண்டு ஓடையின் உணவுச் சங்கிலியின் உச்சியில் நிற்பது நீர்நாய். ஆகவே நீரிற் கலந்த நஞ்சு சிறிது சிறிதாக அதன் உடலிலே திரளும். பிரித்தானியாவில் 1950களின் பிற்பகுதி முதல் நீர்நாய்கள் வேகமாகக் குறைந்தன. இதனை முதலில் உணர்த்தியவை நீர்நாய் வேட்டைக் கழகங்களின் குறிப்பேடுகளே. விதைகளிற் பூசிய டீல்ட்ரின் போன்ற பூச்சிகொல்லிகளே காரணமெனப் பின்னர் தெளிவாயிற்று. அவை விலக்கப்பட்டபின் ஆறுகள் மெல்லத் தேறின. இங்கிலாந்தின் எல்லா மாவட்டங்களுக்கும் நீர்நாய் மீண்டுவிட்டதென 2011இல் அறிவிக்கப்பட்டது.

இனி நம் எஹலியகொடைப் பக்கம் வருவோம். கொழும்பு–இரத்தினபுரிப் பெருவீதியில் அமைந்த இவ்வூரைச் சூழத் தேயிலையும் இறப்பரும் செழிக்கின்றன. மாணிக்கக் குழிகளும் உள. மாணிக்கமண் அரித்தால் ஓடை கலங்கும். கரை இடிந்தால் நீர்நாயின் வளை அழியும். இறப்பர்ப் பாலை உறைவிக்கும் அமிலம் கலந்த கழிவுநீர் சுத்திகரிக்கப்படாது ஓடையிற் சேருமாயின் மீனினம் தங்காது. மாணிக்க அகழ்வுக்கு உரிமம் வழங்க 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் ஓர் அதிகாரசபையும், கழிவுநீரைக் கட்டுப்படுத்த 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டமும் உள்ளன. ஆனால் சட்டப் புத்தகம் ஓடையைத் தெளிவித்து விடாது. தோண்டிய குழியை மூடுவதும், கரையிலே மரம் நிற்க இடம் விடுவதும் மனிதர் கைகளே செய்ய வேண்டியவை.

"ஒரு பிராணிக்காகப் பிழைப்பை விடுவதா?" எனச் சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. எனினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். மலையோடையிலிருந்து பீலி வழியே வரும் நீரைத்தான் தோட்டத்து மக்களிற் பலர் குடிக்கின்றனர், குழந்தைகளைக் குளிப்பாட்டுகின்றனர். அவ்வோடையின் நீரைச் சோதித்துச் சொல்ல அவர்களிடம் ஆய்வுக்கூடம் இல்லை. பாறைமீது கிடக்கும் நண்டோடுகளை யாவரும் காணலாம். அவை ஓராண்டில் மறையுமாயின், மேலே என்ன நேர்ந்ததென்று கேட்பது அந்நீரைப் பருகுவோரின் உரிமை.