விதி தெரிகிறது, வாக்கியம் வரவில்லை

ஆங்கிலம் கற்பிப்போம் – 9

நிகழ்காலத்தில் ‘ஹீ’, ‘ஷீ’, ‘இட்’ வந்தால் வினைச்சொல்லோடு ‘எஸ்’ சேரும் என்ற விதியைச் சென்ற வாரம் பார்த்தோம். எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் அந்த விதியைக் கேட்டால் பிசகாமல் சொல்லும். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் முழு மதிப்பெண் வாங்கும். அதே பிள்ளையிடம் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டுப் பாருங்கள். ‘மை ஃபாதர் ஒர்க் இன் பேங்க்’ என்று பதில் வரும். ‘ஒர்க்ஸ்’ இல்லை, ‘பேங்க்’குக்கு முன்னால் வர வேண்டிய ‘எ’யும் இல்லை. பரீட்சைத் தாளில் இருந்த இலக்கணம் பேச்சில் எங்கே போனது?

பிள்ளை கவனமாகப் படிக்கவில்லை என்று பெற்றோர் சொல்வார்கள். பள்ளியில் ஒழுங்காக நடத்தவில்லை என்றும் சொல்வார்கள். இரண்டுமே பெரும்பாலும் தவறான தீர்ப்பு.

நம் பிள்ளைக்கு இந்தக் கருத்து புதிதே அல்ல. வருகிறான், வருகிறாள், வருகிறார், வருகிறது, வருகிறார்கள் என்று எழுவாய்க்கு ஏற்ப வினையை மாற்றுவது தமிழ்க் குழந்தைக்குப் பள்ளிக்கு வரும் முன்பே கைவந்த வேலை. அத்தனை விகுதிகளை ஆளும் குழந்தை ஒற்றை ‘எஸ்’ஸில் தடுக்குகிறது என்றால், அது புரியாமல் வந்த தடுமாற்றமாக இருக்க முடியாது.

அமெரிக்க உளவியலாளர் ரோஜர் பிரவுன், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மூன்று குழந்தைகளின் பேச்சைப் பல ஆண்டுகள் கூர்ந்து பதிவுசெய்து 1973இல் நூலாக வெளியிட்டார். வினையோடு சேரும் ‘இங்’ அவர்களுக்கு முதலிலேயே வந்துவிட்டது. இந்த ‘எஸ்’ வெகுநாள் கழித்துத்தான் வந்தது. அடுத்த ஆண்டே ஹெய்டி டுலே, மரினா பர்ட் இருவரும் அமெரிக்காவில் ஆங்கிலம் கற்ற ஸ்பானிய, சீனக் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். தாய்மொழி வேறாக இருந்தும், இலக்கணக் கூறுகள் அவர்களுக்கு வசப்பட்ட வரிசை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. பாடப்புத்தகம் வகுத்த வரிசையில் மொழி மனத்தில் படிவதில்லை என்பதற்கு இவை வலுவான சான்றுகள்.

அப்படியானால் வகுப்பறையில் என்னதான் செய்வது? இந்தக் கேள்விக்கு உலகம் கவனித்த ஒரு பதில் நம் பகுதியிலிருந்தே கிளம்பியது என்பது பலருக்குத் தெரியாது. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு, பெங்களூரு வட்டார ஆங்கில நிறுவனத்தோடு சேர்ந்து 1979 முதல் 1984 வரை ஒரு முயற்சியை நடத்தினார். பெங்களூரு, சென்னை, கடலூர் என்று தென்னிந்தியாவின் சாதாரணப் பள்ளிகளில், சாதாரணப் பிள்ளைகளை வைத்து நடந்த முயற்சி அது. ‘பெங்களூர் புராஜெக்ட்’ என்ற பெயரில் இன்றும் ஆங்கிலம் கற்பிப்போர் அதைப் படிக்கிறார்கள்.

அன்று இங்கே நடப்பில் இருந்தது வாக்கிய அமைப்புகளை ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்தி, திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் முறை. பிரபு அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டார். அவருடைய பாடத்திட்டத்தில் இலக்கணத் தலைப்புகள் கிடையாது. கணக்குப் போடுவதுபோல் யோசித்து விடை காண வேண்டிய பணிகள் மட்டுமே இருந்தன. பிள்ளையின் மனம் பொருளைத் தேடுவதில் மும்முரமாக இருக்கும்போதுதான் இலக்கணம் அதை அறியாமலே உருவாகிறது என்பது அவருடைய துணிபு.

அத்தகைய ஒரு பாடம் எப்படி நடக்கும்? ஆறாம் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியை போர்டில் ஒரு ரயில் அட்டவணை எழுதுகிறார். சென்னை காலை 7.00, காட்பாடி 9.00, ஜோலார்பேட்டை 10.15, பெங்களூரு 12.30. முதல் கேள்விகள் எளியவை. காட்பாடிக்கு எத்தனை மணிக்கு வருகிறது? அங்கிருந்து பெங்களூருக்கு எவ்வளவு நேரம்? ‘த்ரீ அண்ட் ஹாஃப் ஹவர்’ என்கிறாள் ஒரு சிறுமி. ‘யெஸ், த்ரீ அண்ட் எ ஹாஃப் ஹவர்ஸ்’ என்று ஏற்றுக்கொண்டு ஆசிரியை அடுத்த கேள்விக்குப் போகிறார். ஜோலார்பேட்டையில் இருக்கும் ஒருவர் நண்பகல் 12 மணிக்குப் பெங்களூரில் இருந்தாக வேண்டும். இந்த ரயிலில் போகலாமா? வகுப்பு யோசிக்கிறது. ‘நோ மிஸ், டிரெய்ன் கமிங் லேட்’ என்கிறான் ஒருவன். ‘ரைட். இட் ரீச்சஸ் பெங்களூரு ஆஃப்டர் ட்வெல்வ்’ என்கிறார் ஆசிரியை.

அந்த ‘ரீச்சஸ்’ஸைக் கவனியுங்கள். விதி சொல்லப்படவில்லை, திட்டும் இல்லை. பையன் சொல்ல நினைத்தது சரியான வடிவத்தில், சொல்ல நினைத்த அந்த நொடியிலேயே, அவன் காதில் விழுந்துவிட்டது. இப்படி வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒரு பணியை முடித்த பிறகு, அதே மாதிரியான இன்னொரு அட்டவணையைப் பிள்ளைகள் தனித்தனியே செய்ய வேண்டும். வகுப்பில் பாதிப் பேராவது அதில் பாதியைச் சரியாகச் செய்தால் பணியின் கடினம் பொருத்தமானது என்று பிரபு கொண்டார். தாய்மொழியில் பதில் சொன்ன பிள்ளையை அவர் தடுக்கவில்லை; ஆசிரியர் அதை ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். குழுவாகப் பேசவைப்பதை மட்டும் தவிர்த்தார். தவறான ஆங்கிலத்தை ஒருவரிடமிருந்து ஒருவர் பழகிக்கொள்வார்கள் என்பது அவர் கவலை.

பலன் என்ன? எடின்பரோவைச் சேர்ந்த ஆலன் பெரெட்டாவும் ஆலன் டேவிஸும் இந்த வகுப்புகளை வழக்கமான வகுப்புகளோடு ஒப்பிட்டு 1985இல் அறிக்கை தந்தார்கள். வாக்கிய அமைப்பை மட்டும் சோதித்த தேர்வு வழக்கமான வகுப்புகளுக்குச் சாதகமாக இருந்தது. கற்றதைப் புதிய சூழலில் பயன்படுத்தச் சொன்ன தேர்வுகளில் பிரபுவின் பிள்ளைகளுக்கு அனுகூலம். முறையின் அடிப்படைக் கருத்துக்கு இது ஓரளவு ஆதரவு தருகிறது என்று மதிப்பீட்டாளர்கள் நிதானமாகவே எழுதினார்கள். அந்த வகுப்புகளை எடுத்த ஆசிரியர்கள் கூடுதல் தகுதியும் ஊக்கமும் உடையவர்கள் என்ற குறையும் பேசப்பட்டது. அது நியாயமான குறைதான். எல்லோருக்கும் பொருந்தும் சிறந்த முறை என்று ஒன்று கிடையாது என்று பிரபுவே 1990இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார்.

அதனால் இலக்கணப் புத்தகத்தை மூடி வைக்கச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கும், வேலைக்காக ஆங்கிலம் கற்கும் பெரியவர்களுக்கும் விதியைத் தெளிவாகச் சொல்வது உதவும்; அவர்கள் காரணம் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். ஆனால் விதி முதலில் வந்து, வாக்கியம் அதன் பின்னால் வரும் என்று எதிர்பார்ப்பதுதான் நாம் திருத்திக்கொள்ள வேண்டியது. மாணவன் ஒன்றைச் சொல்ல முயன்று, முடியாமல் தடுமாறிய பிறகு வரும் விளக்கமே மனத்தில் நிற்கும். ஐந்து நிமிட விளக்கம் போதும். மீதி நேரம் பயன்பாட்டுக்கு வேண்டும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். சிலபஸும் தேர்வும் உங்கள் கையைக் கட்டியிருப்பது எனக்குத் தெரியும். என்றாலும் வாரத்தில் ஒரே ஒரு பீரியடை ஒரு பணிக்கு ஒதுக்குங்கள். பஸ் அட்டவணை, மளிகைக் கடை பில், ஊரின் வரைபடம் எது கையில் இருந்தாலும் போதும். பிள்ளை தவறாகச் சொன்னால் வாக்கியத்தை நிறுத்தாதீர்கள். பொருளை ஏற்றுக்கொண்டு, சரியான வடிவத்தில் நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள். பெற்றோரும் வீட்டில் இதைச் செய்யலாம். ‘எஸ்’ விட்டுப்போனதற்காக வாயை மூடிக்கொள்ளும் பிள்ளை, அந்த ‘எஸ்’ஸைக் கேட்கவும் சொல்லவும் கிடைத்த வாய்ப்பையே இழந்துவிடுகிறது.

அடுத்த வாரம்: ‘எ’, ‘தி’ எங்கே வரும், எங்கே வராது?

(தொடரும்)