மாடி வராந்தாவிலிருந்து பார்த்த கூடைப்பந்து

2019-ம் ஆண்டு அக்டோபர் 4-ந்தேதி. மும்பை ஒர்லியில் உள்ள உள்விளையாட்டு அரங்கம். அமெரிக்காவின் என்.பி.ஏ. அணிகளான இண்டியானா பேசர்சும் சாக்ரமெண்டோ கிங்சும் அங்கே மோதின. இந்திய மண்ணில் என்.பி.ஏ. அணிகள் ஆடிய முதல் ஆட்டம் அது. சுமார் 3 ஆயிரம் பள்ளிக் குழந்தைகள் அழைக்கப்பட்டிருந்தார்கள். ஆட்டம் சமநிலையில் முடிந்து, கூடுதல் நேரத்தில் 132-131 என்ற புள்ளிக் கணக்கில் பேசர்ஸ் வென்றது. மறுநாள் நடந்த 2-வது ஆட்டத்தைப் பார்க்க டிக்கெட் வாங்க வேண்டியிருந்தது.

அந்த அரங்கத்திலிருந்து சில கிலோ மீட்டர் தூரத்தில், பைகுலாவை ஒட்டி இருக்கிறது நாக்பாடா. பம்பாய் என்று ஊருக்குப் பெயர் இருந்த காலத்தில், கூடைப்பந்து என்றதும் ஆட்டக்காரர்கள் சொன்ன முதல் பெயர் அதுதான். அங்கே ஆட்டம் பார்க்க டிக்கெட் கிடையாது. நாற்காலியும் கிடையாது. வீட்டு வாசலுக்கு வந்தால் போதும்.

நெரிசலுக்கு நடுவே ஒரு மைதானம்

மும்பையில் ‘சால்’ என்று சொல்லப்படும் ஒண்டுக்குடித்தன மாடிக் கட்டிடங்கள் நெருக்கியடித்து நிற்கும் பகுதி நாக்பாடா. பக்கத்திலேயே காமாட்டிபுரம். ஏழைத் தொழிலாளர்களும் சிறு வியாபாரிகளும் நிறைந்த இடம்.

கிளிஃபோர்டு மான்ஷார்ட் என்ற அமெரிக்கப் பாதிரியார் இங்கே ‘நாக்பாடா நெய்பர்ஹுட் ஹவுஸ்’ என்ற சமூக நல இல்லத்தைத் தொடங்கினார். பின்னாளில் டாடா சமூக அறிவியல் நிலையம் என்று புகழ் பெற்ற கல்வி நிறுவனம், 1936-ம் ஆண்டு பிறந்ததும் இந்த இல்லத்தில்தான். அதன் முதல் இயக்குநரும் மான்ஷார்டுதான்.

இந்தியாவில் கூடைப்பந்தைப் பரப்பியதில் ஒய்.எம்.சி.ஏ.வுக்குப் பெரும் பங்கு உண்டு. சென்னையில் ஹாரி குரோ பக் 1920-ம் ஆண்டு தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி, நாடெங்கும் விளையாட்டு ஆசிரியர்களை அனுப்பி வைத்தது. 1934-ல் டெல்லியில் முதல் தேசியப் போட்டி நடந்தது. 1950-ல் அகில இந்திய சம்மேளனம் உருவாயிற்று.

நாக்பாடாவுக்கு இந்த ஆட்டம் பொருந்திப் போனதற்குக் காரணம் இடம்தான். கிரிக்கெட்டுக்குப் பெரிய மைதானம் வேண்டும். மட்டை, பேடு எல்லாம் வேண்டும். கூடைப்பந்துக்கு இரண்டு கம்பம், இரண்டு வளையம், ஒரு பந்து போதும். பத்துப் பேர் ஆடலாம். ஐந்நூறு பேர் பார்க்கலாம்.

கரும்பலகையில் ஸ்கோர்

அந்த நாட்களில் நாட்டின் பெரும்பாலான கூடைப்பந்து மைதானங்கள் மண் தரைதான். சுண்ணாம்புத் தூளால் கோடு போடுவார்கள். பிறகு சிமெண்டுத் தரை வந்தது. பலகை மரத்தால் ஆனது. காலில் கான்வாஸ் ஷூ. விழுந்தால் முழங்கால் தோல் போய்விடும். மழை வந்தால் ஆட்டம் நிற்கும். மழை விட்டதும் ஆட்டக்காரர்களே கோணிச் சாக்கால் தரையைத் துடைத்துவிட்டுத் தொடருவார்கள்.

மின்சார ஸ்கோர் போர்டு எல்லாம் அப்புறம் வந்தது. ஒருவர் கரும்பலகையில் சாக்குக் கட்டியால் எழுதுவார். இன்னொருவர் கையில் ஸ்டாப் வாட்ச். கூட்டம் எல்லைக் கோடு வரை வந்து நிற்கும். வெளியே போன பந்தை உள்ளே எறிய வரும் ஆட்டக்காரர், “கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்” என்று கேட்டுத்தான் எறிய வேண்டும்.

பந்து தரையில் மோதும் ‘தொப், தொப்’ சத்தம் மூன்றாவது மாடி வரை கேட்கும். அதைக் கேட்டதும் பையன்கள் படி இறங்கி ஓடி வருவார்கள். பெண்கள் வராந்தாக் கம்பியைப் பிடித்தபடி நின்று பார்ப்பார்கள். இன்னார் வீட்டுப் பையன் நன்றாக ஆடினான், இன்னான் பந்தைக் கொடுக்காமலேயே கெடுத்தான் என்று இரவு சாப்பாட்டின்போது பேச்சு நடக்கும். தப்பாக விசில் ஊதிய நடுவரும் மறுநாள் அதே தெருவில்தான் நடந்து போக வேண்டும்!

கை மாறிக் கை மாறி

ஆட்டமும் இன்றுபோல் இல்லை. தலா 20 நிமிடமாக இரண்டு பாதி. பந்து கைக்கு வந்தால் 30 வினாடிக்குள் வளையத்தை நோக்கி எறிய வேண்டும். எவ்வளவு தூரத்திலிருந்து போட்டாலும் 2 புள்ளிதான். ஆகவே தூரத்திலிருந்து எறிய யாரும் அவசரப்படவில்லை. பந்து கை மாறிக் கை மாறி, வளையத்துக்கு அருகே நிற்கும் உயரமான ஆளிடம் போய்ச் சேரும். ரசிகர்கள் கை தட்டியது பந்து விழுந்ததற்கு மட்டும் அல்ல. அந்தக் கடைசிப் ‘பாஸ்’ கொடுத்தவருக்கும் சேர்த்துத்தான்.

1984-ல் சர்வதேச சம்மேளனம் 3 புள்ளிக் கோட்டைக் கொண்டு வந்தது. 2000-ம் ஆண்டில் 30 வினாடி 24 ஆகச் சுருங்கியது. இரண்டு பாதி, தலா 10 நிமிடமாக நான்கு பகுதி ஆயிற்று. ஆட்டம் வேகம் பிடித்தது.

தெருவிலிருந்து தேசிய அணிக்கு

நாக்பாடா தந்த பெரிய ஆட்டக்காரர் அப்பாஸ் முன்தசீர். இந்திய அணியின் கேப்டனாக இருந்தவர். 1970-ம் ஆண்டு அர்ஜுனா விருது பெற்றார். வீரர்களை உருவாக்கிய பச்சூ கானின் பெயர் அங்குள்ள மாநகராட்சி மைதானத்துக்கே சூட்டப்பட்டிருக்கிறது.

1975-ம் ஆண்டு பாங்காக்கில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியா 4-வது இடம் பெற்றது. 1980-ல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஆடியது. பல நாடுகள் புறக்கணித்ததால் கிடைத்த வாய்ப்பு அது. எல்லா ஆட்டத்திலும் தோற்று 12 அணிகளில் கடைசியாக வந்தது. ஆனாலும் இந்தியக் கூடைப்பந்து அணி ஆடிய ஒரே ஒலிம்பிக் அதுதான்.

புகழைவிடப் பெரிய லாபம் ஒன்று இருந்தது. அதுதான் வேலை. ரெயில்வே, வங்கி, சுங்க இலாகா ஆகியவை தங்கள் அணிகளுக்கு ஆள் எடுத்தன. நன்றாக ஆடும் பையனுக்கு அரசாங்கச் சம்பளம் கிடைத்தது. ஒரே அறையில் எட்டுப் பேர் வாழ்ந்த குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய ஆதரவு! தாய்மார்கள் பிள்ளைகளை “விளையாடப் போகாதே” என்று தடுக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

பழையது எல்லாம் பொன் அல்ல

அந்தக் காலம் எல்லா வகையிலும் உயர்ந்தது என்று சொல்லிவிட முடியாது. சிமெண்டுத் தரை பல பேருடைய முழங்காலைக் கெடுத்தது. மரத் தரை உடம்பைக் காக்கிறது. 3 புள்ளிக் கோடு வந்ததால் உயரம் குறைந்தவருக்கும் அணியில் மதிப்பு வந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வராந்தாவில் நின்று பார்த்த பெண்கள் மைதானத்துக்குள் வந்துவிட்டார்கள். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இந்தியப் பெண்கள் அணியின் கேப்டனாக விளங்கி, 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2017-ல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பையின் ‘பி’ பிரிவில் இந்தியப் பெண்கள் கோப்பையை வென்றார்கள்.

அப்படியானால் இழந்தது என்ன? வழியில் போகிற பையன் நின்று பார்க்கும் வசதிதான். சுவர் எழும்பிய அரங்கத்தில் என்ன நடக்கிறது என்று தெருவுக்குத் தெரியாது. பந்தின் சத்தம் மாடிக்குக் கேட்காது. தொலைக்காட்சியில் அமெரிக்க வீரர்களைப் பார்த்துப் பரவசப்படலாம். ஆனால் தன் தெருவில் இருக்கும் அண்ணன் ஆடுவதைப் பார்க்கும்போதுதான், “நம்மாலும் முடியும்” என்று பத்து வயதுப் பையனுக்குத் தோன்றும்.

நாக்பாடாவில் மட்டும் அல்ல; மாதுங்காவில் தமிழர்களுக்குப் பழக்கமான இந்தியன் ஜிம்கானாவிலும் இப்படிப் பார்த்துப் பழகியவர்கள் உண்டு. மும்பையில் நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகிறது. வாகனம் நிறுத்தவும் கட்டிடம் கட்டவும் காலி இடம் தேடுகிறார்கள். இரண்டு கம்பம் நிற்கும் சிறு மைதானம் அவர்கள் கண்ணுக்கு வீண் இடமாகத் தெரியலாம்.

பெரிய அரங்கங்கள் வரட்டும். வெளிநாட்டு அணிகளும் வரட்டும். ஆனால் அந்தச் சிறு மைதானங்கள் மாலை நேரத்தில் கட்டணம் இல்லாமல் திறந்திருக்க வேண்டும். விளக்கு எரிய வேண்டும். வளையத்தில் வலை கிழிந்தால் யாராவது புது வலை கட்ட வேண்டும். மற்றதைப் பையன்கள் பார்த்துக்கொள்வார்கள்.